மேட்டில் ஏறிய ஆறு: நெல்லை டவுனில் ஒரு பட்டாசல் சுவரும் இரண்டு மியூரல்களும்

"ஏய்யா, ஆறு எதுக்குய்யா மேட்டப் பாத்து ஓடுது?"

ஏணியிலிருந்து இறங்கி, கைப்பசையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கார ஆச்சி நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மேட்டைப் பார்த்துத்தான் ஓடியது. சுவரில் நான் ஒட்டிய படத்தில் பதினாலடி அகலத்துக்குத் தாமிரபரணி, இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போகப்போக மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. லேசர் மட்டத்தை மறுபடி போட்டுக் காட்டினேன். சிவப்புக்கோடு நீர்க்கோட்டின்மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. ஆச்சி அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அந்தச் செவப்புக் கோட்ட இங்கனயே விட்டுட்டுப் போயிருவியா?"

இது நடந்தது 2023 ஆனியில். அடுத்த ஆண்டு ஆவணியில் அதே சுவரில் வேறு படத்தை வேறு விதமாக ஒட்டினேன். இடையில் பதினாலு மாதம். முதல்முறை என்னென்ன தப்புச் செய்தேன், சுவரைப் பிரித்தபோது என்ன தெரிந்தது, இரண்டாம் முறை எதை மாற்றினேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். பழைய வீடுகளில் வால்பேப்பர், மியூரல் (சுவரளவுக்கு அச்சடித்து ஒட்டுகிற படம்) வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவலாம். அந்த மாதிரி வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும் என்று நினைக்கிறேன்.

நான் பாளையங்கோட்டையிலிருந்து இந்த வேலை செய்கிறவன். பெரும்பாலும் புது வீடுகள், கிளினிக்குகள், துணிக்கடைகள். அங்கெல்லாம் சுவர் ஓரளவு சொன்னபடி கேட்கும். டவுனில் ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் இந்த வீடு அப்படி இல்லை. ஆச்சியின் மாமனாருடைய அப்பா கட்டியது. திண்ணை, தார்சா, அப்புறம் பட்டாசல் என்கிற கூடம், அதை ஒட்டி வானம் பார்த்த முற்றம், பின்னால் ரெண்டாங்கட்டு. பட்டாசலின் மேற்குச் சுவர்தான் நம்ம சுவர். ஒன்றரையடி கனம், செங்கல், சுண்ணாம்புக் காரை. நடுவில் ஒரு விளக்கு மாடம். மேலே தேக்கு உத்தரம்.

பெங்களூரில் இருக்கும் ஆச்சியின் மகன், தானே எடுத்த ஒரு போட்டோவைக் கொடுத்தார். ஆற்றங்கரையில் வரிசையாகப் பனைகள், கீழே கண்ணாடி மாதிரி நிற்கிற தண்ணீர். அருமையான படம். பழைய சுவரில் ஒட்டுவதற்கு இதைவிட மோசமான படத்தைத் தேடினாலும் கிடைக்காது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. குறுக்கே ஒரு நேர்கோடு, நெடுக்கே பத்துப் பன்னிரண்டு நேர்கோடுகள்: சுவரின் ஒவ்வொரு கோணலையும் காட்டிக்கொடுக்கப் பதின்மூன்று சாட்சிகளை நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அவசரமும் சேர்ந்துகொண்டது. ஆனித் தேரோட்டத்துக்கு வீடு நிறையச் சொந்தபந்தம் வரும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார்கள். சரி என்றுவிட்டேன்.

முதல் முறை

அளவெடுத்த விதத்திலேயே வேலை கெட்டது. நெஞ்சு உயரத்தில் டேப்பைப் பிடித்தேன், பதினாலடி அரை இஞ்ச் வந்தது. உயரத்துக்கு இடது மூலையில் ஒரு பிடி, ஒன்பதடி ஏழு இஞ்ச். நாலு பக்கமும் ஒரு இஞ்ச் கூடுதல் போட்டு அச்சுக்கு அனுப்பினேன். பின்னால் முறையாக நூல் பிடித்துப் பார்த்தபோது தெரிந்த கணக்கு இது: தரையில் அகலம் 13 அடி 11 இஞ்ச், உத்தரத்துக்குக் கீழே 14 அடி 3 இஞ்ச். உயரம் இடது மூலையில் 9 அடி 7, வலது மூலையில் 9 அடி 5 இஞ்ச் 4 நூல். (கொத்தனார் கணக்கில் எட்டு நூல் ஒரு இஞ்ச்.) தரை கிட்டத்தட்ட மட்டம்தான், உத்தரம்தான் ஒன்றரை இஞ்ச் இறங்கியிருந்தது. தூக்குக்குண்டு விட்டால் வலது மூலை மேலே போகப்போக ரெண்டு இஞ்சுக்குமேல் வெளிப்பக்கம் ஒதுங்கியது. சுவர் நடுவில் வயிறு தள்ளியும் இருந்தது. ஆறடி மட்டப்பலகையை மாடத்துக்கு இடப்பக்கம் படுக்கையாக வைத்தால் ஓர் ஓரத்தில் சுண்டுவிரல் நுழையும்.

ஆறு ஏன் ஏறியது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. நீர்க்கோடு உண்மையில் மட்டம்தான். ஆனால் பட்டாசலில் நிற்கிறவர் கண்ணுக்கு லேசர் தெரியாது, உத்தரம் தெரியும். உத்தரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடப்பக்கம் உள்ள இடைவெளியைவிட வலப்பக்கம் ஒன்றரை இஞ்ச் குறைவு. நூறு வருஷமாக உத்தரத்தையே மட்டம் என்று நம்பிய வீட்டில், புதிதாக வந்த ஆறுதான் கோணல் என்று எல்லோரும் முடிவு செய்வார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

வலது மூலையில் மேலே, முக்கோணமாக ஒரு வெள்ளைத் துண்டு மூடாமலே நின்றது. ஒரு இஞ்ச் கூடுதல் போட்டது அதற்குப் போதவில்லை. அச்சில் மிஞ்சிய வானத்துத் துண்டை வைத்து ஒப்பேற்றினேன். அடுத்தது பனைகள். நாங்கள் பயன்படுத்தியது முன்பக்கம் வினைல் பூசிய காகிதம். முதுகில் பசை தடவி, மடித்து, ஊறவிட்டு ஒட்டுகிற வகை. ஈரம் ஏறினால் காகிதம் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். முதல் பட்டையை அஞ்சு நிமிஷத்தில் எடுத்து ஒட்டிவிட்டோம். மூன்றாவது பட்டை, நாங்கள் மாடத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டிருந்ததில், பன்னிரண்டு நிமிஷத்துக்குமேல் ஊறிவிட்டது. அது கூடுதலாக விரிந்ததால் இணைப்பில் ஒரு பனை ஒரு நூல் விலகி நின்றது. காற்றில் முறிந்து ஒட்டவைத்த பனை மாதிரி.

இதையெல்லாம் கூட சமாளித்திருக்கலாம். தேரோட்டத்துக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள், ஆச்சி ஒருவரைத் தவிர.

ஐப்பசி பிறந்ததும் போன் வந்தது. இடப்பக்க இணைப்பு வாய் திறந்திருக்கிறதாம். போய்ப் பசை வைத்து அமுக்கிவிட்டு வந்தேன். கார்த்திகையில் இடது கீழ்ப்பாதி முழுக்கக் கொப்புளம். விரலால் அமுக்கினால் உள்ளே பொருபொருவென்று நொறுங்கும் சத்தம். பட்டாசலில் ஈரச்சாக்கு வாடை. அப்புறம் டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஜங்ஷன் பக்கம் கடைகள் மூழ்கி, ஊரே நிலைகுலைந்த அந்த இரண்டு நாள். இந்தத் தெருவில் தண்ணீர் வாசல்படி வரைக்கும் வந்து நின்றது, உள்ளே ஏறவில்லை. ஒரு வாரம் கழித்து நான் போனபோது இரண்டு பட்டைகள் தரையில் சுருண்டு கிடந்தன.

வெள்ளத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். அந்த மாதத்தில் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஐப்பசியிலேயே வாய் திறந்த இணைப்புக்கு மார்கழி வெள்ளம் எப்படிக் காரணமாகும்? முதல் படத்தின் அச்சுக்கூலியை நான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னேன். ஆச்சி, "அது கெடக்கட்டும், மொதல்ல சொவருக்கு என்ன சீக்குன்னு பாரு" என்றார்.

சுவரைப் பிரித்தபோது

உரித்த பட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில்தான் பாதிப் பாடம் இருந்தது. காகிதத்தின் முதுகில் பட்டி அப்படியே பாளம்பாளமாக ஒட்டியிருந்தது. பட்டியின் முதுகில் வெள்ளையடிப்பு. பசை விடவே இல்லை. அது பிடித்திருந்த பட்டியும் விடவில்லை. பட்டி எதைப் பிடித்திருந்ததோ, அந்தச் சுண்ணாம்பு அடுக்குதான் சுவரை விட்டு வந்திருக்கிறது. மாடத்து ஓரத்தில் உடைந்த இடத்தில் அந்த அடுக்குகளை எண்ண முடிந்தது: வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, ஒரு பச்சை டிஸ்டெம்பர், மறுபடி வெள்ளை. மொத்தம் ஒன்றரை நூல் கனம். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை. அதன்மேல் சிமெண்ட் பட்டி ரெண்டு கோட், பிரைமர், ஈரக் காகிதம் எல்லாவற்றையும் ஏற்றினால், காகிதம் காய்ந்து சுருங்கும்போது இழுக்கும் இழுப்பு நேராக அந்தப் பொடியில்தான் போய்ச் சேரும். செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். டேப்பில் வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டு வரும். பத்து ரூபாய்ச் சோதனை.

மிச்சப் பாடத்தைச் சொன்னவர் பேட்டையிலிருந்து கூட்டிவந்த பெரிய கொத்தனார். எழுபது தாண்டியவர். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இப்போது குறைவு, இவரும் வருகிறேன் என்று சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். வந்ததும் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். இடப்பக்கம் நாலடி உயரம் வரை கணகணவென்றும் அதற்குமேல் மொத்தென்றும் கேட்டது. "இங்க யாரு சிமெண்ட்டு பூசுனா?" பதினைந்து வருஷம் முன்னால் கீழ்ச்சுவரில் ஓதம் அடிக்கிறது என்று பூசியிருக்கிறார்கள். அந்தச் சிமெண்டின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே பூத்திருந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு."

பழைய வீட்டுச் சுவருக்குக் கீழே ஈரத்தைத் தடுக்கிற தளம் எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரையாக இருந்தவரை அது முழங்கால் உயரத்திலேயே வெளியே வந்து காற்றில் காய்ந்துவிடும், கொஞ்சம் உப்பு பூக்கும், வருஷத்துக்கு ஒருமுறை தட்டிவிட்டு வெள்ளையடிப்பார்கள். சிமெண்ட் பூசியதும் அந்த வழி அடைபட்டது. ஈரம் அதற்குப் பின்னால் மேலே ஏறி, நாலடிக்குமேல் வழி கண்டுபிடித்தது. அங்கேதான் நான் வினைல் காகிதத்தை ஒட்டி மறுபடி அடைத்திருக்கிறேன்.

"தம்பி, சொவரு மூச்சு விடணும்லா" என்றார் கொத்தனார்.

ஈரத்தை அளக்க ஊசிமுனை மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்தச் சுவரில் அதை நம்ப முடியவில்லை. உப்பு ஏறிய சுவரில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால், காய்ந்திருந்தாலும் மீட்டர் கூடுதலாகக் காட்டும். அதனால் ஒன்றரையடிச் சதுரப் பாலிதீன் தாள்களை வெவ்வேறு உயரத்தில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டோம். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அது அறைக்காற்றின் ஈரம். ஒரு அடி உயரத்தில் உட்பக்கம் முத்துமுத்தாகத் தண்ணீர். இடப்பக்கம் நாலரை அடியிலும் அப்படியே. வலப்பக்கம் நாலரை அடியில் லேசான பனிப்பூச்சு மட்டும். ஏழடியில் ஒன்றும் இல்லை. இந்த நாலு தாளும்தான் இரண்டாம் படத்தின் அளவைத் தீர்மானித்தன.

மாடத்தைச் சுற்றி வேறு ஒரு சங்கதி. நூறு வருஷமாக எண்ணெய் விளக்கு எரிந்த இடம். அரை இஞ்ச் ஆழம் வரை காரை எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. முதல் படம் அங்கே ஒட்டிய மறுநாளே விலகியதற்கு அதுதான் காரணம்.

எதை நேராக்குவது, எதை விடுவது

மகன் போனில் சொன்ன யோசனை: முழுச் சுவரையும் மட்டமாகப் பூசிவிடலாம், இல்லையென்றால் சட்டம் அடித்துப் பலகை நிறுத்தி அதில் ஒட்டிவிடலாம். இரண்டும் செய்யக்கூடியதுதான். பலகை விஷயத்தில் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு இஞ்ச் காற்றோட்டம் விட்டால் ஓதத் தொல்லையும் தீரும். புதுக் கட்டடமாக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே, முழுச் சுவரையும் மட்டத்துக்குக் கொண்டுவர, பள்ளமான இடத்தில் ஒன்றேகால் இஞ்ச் வரை காரை ஏற்ற வேண்டும். பக்கத்து நிலைச்சட்டத்தின் செதுக்கு வேலை பாதி புதைந்துபோகும், மாடம் குழியாகிவிடும். பலகை என்றதும் ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "குத்தாலத்துல சித்திர சபையப் பாத்திருக்கியா? சொவத்துல இருந்தாத்தான்யா சித்திரம். பலகைல ஒட்டுனா சினிமா போஸ்டர்."

குற்றாலத்துக்கு நான் போகவில்லை, திருப்புடைமருதூருக்குப் போனேன். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடத்தில் இருக்கும் நாறும்பூநாதர் கோயில். அதன் ஐந்து நிலைக் கோபுரத்துக்கு உள்ளே நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. முன்பே பார்த்தவைதான், இந்தத் தடவை கதைகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். அதுவும் மேடும் பள்ளமுமான சுவர்தான். கட்டங்களைப் பிரிக்கிற கோடுகள் சுவரோடு சேர்ந்து வளைகின்றன. அது கண்ணை உறுத்தவில்லை, ஏனென்றால் வரைந்தவர் அந்தச் சுவரின் முன்னால் நின்று, அது போகிற போக்கில் கையை விட்டிருக்கிறார். கோடு எங்கே நெளிய வேண்டும் என்பதைச் சுவரே சொல்லியிருக்கிறது. நான் செய்ததோ, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் கணினியில் சதுரமாக வெட்டிய படத்தைக் கொண்டுவந்து, சதுரம் என்றால் என்னவென்று தெரியாத சுவரின்மேல் போர்த்தியது.

திரும்பி வரும்போது வேலையை எப்படிச் செய்வது என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சுவர் கோணலாகவே இருக்கட்டும். படத்தில் மட்டத்தையும் தூக்கையும் காட்டிக்கொடுக்கிற எதுவும் இருக்கக் கூடாது. மகனிடம் வேறு போட்டோ கேட்டேன். பாபநாசம் பக்கம் எடுத்தது கிடைத்தது: பாறைகளுக்கு நடுவே உடைந்து உடைந்து வருகிற ஆறு, மருதமரங்கள், பின்னால் மேகம் இறங்கிய பொதிகை. நேர்கோடு என்று ஒன்றுகூட இல்லை. ஆறு அதே ஆறுதான் என்பதால் ஆச்சிக்கும் சம்மதம்.

அடுத்து விளிம்புகள். மேல் விளிம்பு உத்தரத்தை ஒட்டி வந்தால் ஒன்றரை இஞ்ச் இறக்கம் தெரியும். அதனால் மேல் விளிம்பே இல்லாமல் செய்தோம். படத்தின் வானம் மேலே போகப்போக வெளுத்து, கடைசி ஒன்றேகால் அடியில் சுவரின் சுண்ணாம்பு நிறத்தோடு கரைந்துவிடும்படி அச்சடிக்கச் சொன்னேன். கேட்பதற்கு எளிது. சுண்ணாம்பு வெள்ளை என்பது வெள்ளை இல்லை. அதே சுண்ணாம்பைப் பூசிய ஓட்டுத்துண்டு ஒன்றை அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பி, மூன்று மாதிரி போட்டுத்தான் நிறம் பிடிபட்டது. கீழே, தரையிலிருந்து ஐந்தடி வரை படமே கிடையாது, வெறும் சுண்ணாம்புச் சுவர். ஈரம் தன் வழியில் வந்து போகட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தேக்குச் சட்டம். டியூப் மட்டம் பிடித்து மட்டமாகவே அடித்தது. உத்தரத்துக்கு வெகுகீழே இருப்பதால் இரண்டையும் கண் ஒப்பிடுவதில்லை. படத்தின் உயரம் இதனால் பாதிக்குமேல் குறைந்து, பதினாலடி அகலத்துக்கு நீளமான பட்டையாகிவிட்டது. மகனுக்கு முதலில் மனத்தாங்கல். எனக்கென்னவோ முதல் படத்தைவிட இந்த வடிவம்தான் பட்டாசலுக்குப் பொருத்தமாகப்பட்டது. கீழே பெஞ்சு கிடக்கிறது, ஆள் உட்கார்ந்தால் தலைக்குமேல்தான் படம்.

பூச்சும் காத்திருப்பும்

தை மாதம் சிமெண்டை உடைத்தெடுத்தார்கள். உள்ளே செங்கல் ஈரமாகவே இருந்தது. ஒரு மாதம் அப்படியே திறந்துபோட்டோம். பெரிய கொத்தனார் அதற்குள் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் போட்ட தண்ணீரைப் புளிக்கவிட்டார். மாசியில் பூச்சு. ஒன்றுக்கு இரண்டரை பங்கு ஆற்றுமணல், மெல்லிய இரண்டு பூச்சு, நடுவில் நாலைந்து நாள் இடைவெளி, தண்ணீர் தெளித்துக்கொண்டே. மேல்பாதியில் பழைய வெள்ளையடிப்பை நனைத்து நனைத்துச் சுரண்டி, காரை தெரியும் வரை எடுத்தோம். அது மட்டும் மூன்று நாள். மாடத்தைச் சுற்றி எண்ணெய் குடித்த காரையை வெட்டியெடுத்துப் புதிதாகப் பூசினார்.

மேடுபள்ளத்தைத் திருத்தியது இரவில். பகல் வெளிச்சத்தில் சுவர் பொய் சொல்லும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடித்தால் ஒவ்வொரு பருவும் நிழல் விடும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். பால்பாயிண்ட் பேனா தொடக்கூடாது, அந்த மை என்ன ஒட்டினாலும் ஊறிக்கொண்டு மேலே வந்துவிடும். வட்டம் போட்ட எல்லாவற்றையும் திருத்தவில்லை. ஆறடி நீளத்தில் அரை இஞ்ச் வயிறு தள்ளியிருந்தால் கண் மன்னித்துவிடும், அரையடிக்குள் ஒரு நூல் மேடு இருந்தால் மன்னிக்காது. கரண்டித் தடங்கள், ஆணி பிடுங்கிய ஓட்டைகள், பழைய வயர் ஓட்டம் அடைத்த வரப்பு இவற்றை மட்டும் தேய்த்தும் நிரப்பியும் சரிசெய்து, பெரிய வளைவுகளை அகலமாக இழுத்து மழுப்பினோம். தாராளமாக இரண்டடி அகலத்துக்கு.

அப்புறம் காத்திருப்பு. புதுச் சுண்ணாம்பு காரம் மிகுந்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டுதான் மெல்ல இறுகும், காரமும் அப்போதுதான் அடங்கும். அதற்குமுன் ஒட்டினால் பசையும் கெடும், சில நிறங்களும் வெளுக்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், பினாப்தலின். ஒரு சொட்டு விட்டால் காரம் உள்ள இடம் ரோஸாக மாறும். பங்குனியில் விட்டேன், நல்ல ரோஸ். வைகாசியில் திட்டுத்திட்டாக. ஆனித் தேரோட்டம் வந்தபோது சுவர் வெறும் வெள்ளையாகவே நின்றது. வந்தவர்கள் படம் எங்கே என்று கேட்டதற்கு, "ஆறு வத்திப் போச்சு, மழைக்குத் திரும்ப வரும்" என்று ஆச்சி சொல்லியிருக்கிறார்.

ஆடியில் சொட்டு நிறமில்லாமல் நின்றது, பாலிதீன் தாளும் ஐந்தடிக்குமேல் காய்ந்து வந்தது. ஆடியில் எதையும் தொடங்கக்கூடாது என்றார் ஆச்சி. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அம்மியைப் பறக்கவைக்கிற ஆடிக்காற்று சுவரைக் காயவைக்க நல்லது, ஒட்டுவதற்கு ஆகாது. முற்றம் வழியாக அந்தக் காற்று வீசும்போது பசை ஓரத்தில் முதலில் காய்ந்து, இணைப்புகள் இழுத்துக்கொள்ளும்.

இரண்டாம் முறை

இந்தத் தடவை அகலத்தை ஐந்து உயரத்திலும், உயரத்தை ஏழு இடத்திலும் எடுத்தேன். இருப்பதிலேயே பெரிய அளவோடு பக்கத்துக்கு நாலு இஞ்ச் கூட்டினேன். பட்டைகளைச் சம அகலமாகப் பிரிக்க வேண்டாம், மருதமரத்தின் அடிமரம் எந்த இணைப்பிலும் விழாமல் இலைக்கூட்டத்தில் விழும்படி பிரித்துத் தாருங்கள் என்று கேட்டேன். அச்சகத்தில் முணுமுணுத்துவிட்டுச் செய்துகொடுத்தார்கள்.

காகிதம் நான்-வோவன், அதாவது இழைகளை நெய்யாமல் சேர்த்துச் செய்த வகை. ஈரத்தில் விரியாது, பசையைச் சுவரிலேயே தடவலாம், ஈரத்தைக் கொஞ்சம் வெளியேவும் விடும். வினைல் பக்கமே போகவில்லை. அச்சு மேட், பளபளப்பு இல்லாதது. பளபளப்பான அச்சு ஒவ்வொரு மேட்டின்மேலும் ஒரு மினுக்கத்தை வைத்துக் காட்டும். பசை செல்லுலோஸ் வகை. நம்ம ஊர்ச் சுவரொட்டிக்காரர்கள் மைதா காய்ச்சி மயில்துத்தம் கலந்து ஒட்டுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. வெயிலில் காய்ந்து அடுத்த வாரமே இன்னொன்றுக்கு இடம் விடுகிற போஸ்டருக்கு அது போதும். வீட்டுக்குள் ஓதம் உள்ள சுவரில் மாவுப்பசை பூஞ்சைக்குச் சோறு போடுவது மாதிரி.

பிரைமர் அடிக்கவில்லை. அதே பசையைத் தண்ணீர் கூட்டி நீர்க்கத் தடவிக் காயவிட்டு, அதன்மேல் வெறும் லைனிங் காகிதத்தைப் படுக்கைவாக்கில் ஒட்டினோம். சின்னச்சின்னப் பருக்களை அது மறைத்துவிடும். படத்தின் இணைப்புகள் நெடுக்கே, இதன் இணைப்புகள் குறுக்கே, ஒன்றின்மேல் ஒன்று விழாது. இரண்டு நாள் விட்டோம்.

முதல் பட்டையை மூலையிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து, தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டுத் தொடங்கினேன். கோணல் மூலையிலிருந்து தொடங்கினால் அந்தக் கோணலைக் கடைசிப் பட்டை வரை சுமந்துகொண்டு போக வேண்டும். நடுவிலிருந்து போனால் மிச்சமெல்லாம் இரண்டு மூலைக்கும் பங்காகிவிடும், அங்கே வெட்டி எறிந்துவிடலாம். இணைப்புகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்க்கவில்லை. ஒரு இஞ்ச் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, அடியில் பிளாஸ்டிக் பட்டை கொடுத்து, புது பிளேடால் இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டு. சுவர் எப்படி நெளிந்தாலும் இரண்டு விளிம்பும் ஒரே நெளிவில் வெட்டுப்படும். மாடத்தைச் சுற்றி இரண்டு இஞ்ச் வெறும் சுண்ணாம்பு விட்டு நிறுத்திக்கொண்டோம். விளக்கு எரிகிறது, எண்ணெய் வழியும், வழியட்டும்.

முழு நாள் வேலை. சாயங்காலம் ஆச்சி வந்து, முதல் தடவை நின்ற அதே இடத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மாடத்தில் விளக்கேற்றப் போய்விட்டார்.

அதற்குப் பின்

2024 ஐப்பசி, கார்த்திகை மழையில் இடது மூலைக்குப் பக்கத்து இணைப்பு ஒரு சாண் நீளத்துக்கு லேசாகத் தூக்கியது. பசை வைத்து உருளை ஓட்டியதும் சரியாயிற்று, பிறகு எழும்பவில்லை. கீழே சுண்ணாம்புச் சுவரில் மார்கழியில் நன்றாகவே உப்பு பூத்தது. பூக்க வேண்டிய இடம் அதுதான். நனைக்காமல், உலர்ந்த தேங்காய்நார்ப் பிரஷால் தட்டிவிட்டுப் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள், பழைய வழக்கப்படி.

குறை இல்லாமல் இல்லை. வலது மூலையில் பொதிகையின் கடைசிச் சரிவு ரெண்டு இஞ்ச் வெட்டுப்பட்டிருக்கிறது, படத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும். பழைய வயர் வரப்பு நான் நினைத்த அளவுக்கு மறையவில்லை. முற்றத்து வெயில் பதினொரு மணிக்குச் சுவரோடு உரசி வரும்போது ஒரு கால் மணி நேரம் அது ஆற்றின் குறுக்கே மெல்லிய நிழலாகத் தெரிகிறது. அதைத் திருத்துகிறேன் என்று ரெண்டு தடவை சொன்னேன். "கன்னடியன் கால்வாய்க்குத் தண்ணி திருப்ப அணை கட்டியிருக்குன்னு வச்சுக்கிடுதேன்" என்று ஆச்சி விடமாட்டேன் என்கிறார்.

போன மாதம் அவருடைய தம்பி மகன் மேலப்பாளையம் சாலையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சுவரில் படம் வேண்டுமாம், இருபது நாள் இருக்கிறது என்றார். போனதும் செல்லோடேப்பை ஒட்டி இழுத்தேன், வெள்ளையாக வந்தது. மூன்று பாலிதீன் தாளை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வேண்டுமானால் அந்தச் சுவரில் துணித்திரை கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.